கொரியப் போரும் ரப்பர் விலையும்

1949-ஆம் ஆண்டில் மலாயாவில் ஓர் இராத்தல் ரப்பர் 40 காசுக்கும் குறைவாக விற்றது. 1951-இன் தொடக்கத்தில் அதுவே இரண்டு வெள்ளியைத் தாண்டியது. காரணம், தொலைவிலுள்ள கொரியாவில் மூண்ட போர்.

1945-இல் ஜப்பான் தோற்றபின் கொரியாவை 38-ஆம் அட்சக்கோட்டில் இரண்டாகப் பிரித்தார்கள். வடக்கே சோவியத் படையும் தெற்கே அமெரிக்கப் படையும் நின்றன. உலகம் பொதுவுடைமை வழியில் செல்வதா, முதலாளித்துவ வழியில் செல்வதா என்ற வல்லரசுப் போட்டி, ஓரினத்தை இரு நாடாக்கியது.

1950 ஜூன் 25-இல் வடகொரியா தெற்கின்மீது படையெடுத்தது. அதற்கு ஆயுதம் தந்தது சோவியத் நாடு. அமெரிக்கா ஐ.நா. கொடியின்கீழ் தெற்குக்குத் துணை வந்தது. அக்டோபரில் சீனப் படை வடக்கிற்காக இறங்கியது. போர் பரவுமென்று அஞ்சிய அமெரிக்கா முதலிய நாடுகள் ரப்பரை வாங்கிக் குவித்தன, விலை ஏறியது. 1951-இல் சீனாவுக்கு நம் ரப்பரை அனுப்பத் தடை வந்தது. தோட்டப்புறத்தில் நம் முன்னோர் வெட்டிய பாலும் போர்ப்பொருளாயிற்று! வாங்கும் வேகம் குறைந்ததும் விலை சரிந்தது.

1953 ஜூலை 27-இல் போர் நின்றது. எல்லையோ ஏறக்குறையப் பழைய இடத்திலேயே இருந்தது. வாஷிங்டனும் மாஸ்கோவும் இடியவில்லை. இடிந்தவை கொரியர் வீடுகள். சமாதான உடன்படிக்கை இன்றுவரை ஏற்படவில்லை.

யானைகள் பொருதினால் நடுவே மாள்வது சருகுமான் என்கிறது மலாய்ப் பழமொழி. ஆகவே, சிறிய நாட்டில் போர் என்று செய்தி வந்தால், ஆயுதம் யாருடையது, ஆதாயம் யாருக்கு என்று நாம் கேட்டறிய வேண்டும்.