அத்திரம்பாக்கத்துக் கற்கள்

பிறந்த மண்ணைப் பிரிந்து வாழும் நமக்கு அம்மண்ணின் பழமையைப் பேசுவதில் தனி இன்பம் உண்டு. ஆனால் எப்பழமைக்கு எது சான்று என அறிந்து பேசுவோர் சிலரே. அதனை அறியவேண்டுவோர் திருவள்ளூர் மாவட்டத்தில் கொற்றலையாற்றை அடுத்துள்ள அத்திரம்பாக்கத்தை அறிதல் நன்று.

புவியியல் அறிஞர் இராபர்ட் புரூசு ஃபூட், 1863 மே 30-இல் பல்லாவரத்துச் சரளைமண்ணில் மனிதன் செதுக்கிய கல் ஒன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங் என்பாரும் அத்திரம்பாக்கத்தைக் கண்டறிந்தனர். கைக்கோடரிகள் அங்கே மிகுதியாய்க் கிடந்தன.

1999 முதல் சாந்தி பப்பு அவர்களின் குழுவினர் ஆங்கு முறையாக அகழ்ந்தனர். ஆழ்ந்த களிமண் அடுக்கில் கருவிகள் கிடைத்தன. வேறிடத்தில் பாறையினின்று பெயர்த்த பெருஞ்சில்லுகளைக் கொணர்ந்து, ஈண்டுச் செதுக்கிச் சீராக்கியுள்ளனர் அக்கால மாந்தர்.

கல்லின் வயதை எங்ஙனம் கணிப்பது? வெளியில் கிடக்கும் கல்லில் விண்கதிர்கள் பட்டு அலுமினியம், பெரிலியம் ஆகியவற்றின் கதிரியக்க அணுக்கள் உண்டாகும். ஆழப் புதைந்தபின் அவை தேய்ந்து குறையும். அலுமினியம் விரைந்து தேயும். எஞ்சிய அளவுகளை ஒப்பிட்டால் புதைந்த காலம் புலனாகும். அவ்வாறு கண்ட வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு என 2011-இல் வெளியிட்டனர். சிறுசில்லுகளைத் திட்டமிட்டுப் பெயர்க்கும் புதுமுறை அவ்விடத்தே ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகட்கு முன்னரே தோன்றியதென 2018-இல் அறிவித்தனர்.

இதனைக் கேட்டவுடன், "தமிழன் 15 லட்சம் ஆண்டு பழையவன்" என்று முழங்குதல் பிழை. நம்மை ஒத்த மனித இனம் தோன்றியதே ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகட்கு முன்புதான். அக்கருவிகளைச் செய்தோரின் எலும்பும் மொழியும் நமக்குக் கிட்டவில்லை. அவை தமிழகத்து மண் காத்துத் தந்த உலகச் செல்வம். அதனைப் பேணுவதே நமக்குரிய பெருமை.

விடுமுறையில் தாயகம் செல்வோர், பூண்டியிலுள்ள அருங்காட்சியகத்தில் இக்கருவிகளை மக்களுக்குக் காட்டுக. ஆனால் நிலத்தில் கிடக்கும் கல்லை நினைவுப் பொருளாக எடுத்து வாரற்க. கிடந்த இடத்தையும் அடுக்கையும் கொண்டே அதன் காலம் அறியப்படுகிறது. பெயர்த்து எடுத்தால் கல் நம் கைக்கு வரும். அதன் வரலாறு வாராது.