அரச உருவப் பதக்கங்களில் கிரேக்க, உரோமத் தொன்மங்கள்

அரச உருவப் பதக்கம் என்பது ஒரு பக்கத்தில் மன்னர் அல்லது அரசியின் உருவமும் மறுபக்கத்தில் ஒரு காட்சியும் பொறிக்கப்பட்ட உலோக வட்டு ஆகும். பார்வைக்கு நாணயம் போல இருந்தாலும் இது பணமன்று. முடிசூட்டு விழா, போர் வெற்றி, உடன்படிக்கை போன்றவற்றின் நினைவாக வெளியிடப்பட்டுப் பரிசாக வழங்கப்பட்டது. ஆள்பவர் யார் என்பதை முன்பக்கம் காட்டும். அவர் ஆள்வது ஏன் சரி என்பதைப் பின்பக்கம் சொல்லும். அதைச் சொல்வதற்குக் கிரேக்க, உரோமத் தொன்மங்கள் பெரிதும் பயன்பட்டன.

தோற்றம்

இத்தாலிய ஓவியர் பிசனெல்லோ, பைசாந்தியப் பேரரசர் எட்டாம் யோவானுக்காக ஏறத்தாழ 1438-இல் வார்த்த பதக்கமே இவ்வகையின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. ஒரு பக்கம் பேரரசரின் தலை, மறுபக்கம் தெய்வ உருவம் என அமைந்த பழைய உரோம நாணயங்கள் பதக்கக் கலைஞர்களுக்கு முன்மாதிரியாக இருந்தன. பின்னர் எஃகு அச்சுகளைக் கொண்டு பதக்கங்கள் அடிக்கப்பட்டன.

பிரான்சின் கதிரவ மன்னர்

பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி கதிரவனைத் தம் சின்னமாகக் கொண்டவர். கதிரவக் கடவுளான அப்பல்லோவோடு அவர் ஒப்பிடப்பட்டார். பதக்கங்களுக்குரிய காட்சிகளையும் இலத்தீன் வாசகங்களையும் வகுப்பதற்கென 1663-இல் அமைச்சர் கோல்பேர் ஓர் அறிஞர் குழுவையே அமைத்தார். அவருடைய ஆட்சியின் பதக்கங்களைத் தொகுத்த நூல் 1702-இல் வெளிவந்தது.

1689: பேத்தன் பதக்கம்

இங்கிலாந்தில் 1688-இல் இரண்டாம் யேம்சு மன்னர் நாட்டைவிட்டு ஓடினார். அவருடைய மகள் மேரியும் மருமகன் மூன்றாம் வில்லியமும் 1689 ஏப்ரல் 11 அன்று முடிசூடினர். அவர்களது முடிசூட்டுப் பதக்கத்தின் பின்பக்கத்தில் பேத்தனின் கதை இடம்பெற்றது. கதிரவனின் மகனான பேத்தன் தந்தையின் தேரை ஓட்ட ஆசைப்பட்டான். குதிரைகளை அடக்க முடியாமல் உலகம் தீப்பற்றியபோது, யூப்பிட்டர் இடியால் அவனை வீழ்த்தினார். "அனைத்தும் அழியாதிருக்க" என்பது வாசகத்தின் பொருள். வீழும் பேத்தன் யேம்சைக் குறித்தான். பெற்ற தந்தையின் வீழ்ச்சியே மகளின் முடிசூட்டுப் பதக்கத்தில் காட்சியானது. அதை நேரடியாகச் செதுக்கியிருந்தால் முகம் சுளித்திருப்பார்கள். கதையாகச் சொன்னதால் செதுக்க முடிந்தது.

1702: ஆன் அரசியும் நியூட்டனும்

யேம்சு 1701-இல் இறந்தபோது, அவருடைய மகனை இங்கிலாந்தின் மன்னராகப் பதினான்காம் லூயி ஏற்றுக்கொண்டார். 1702 மார்ச்சில் வில்லியமும் இறக்க, மேரியின் தங்கை ஆன் அரசியானார். பிரான்சோடு போர் நெருங்கிக்கொண்டிருந்தது. படையை நேரில் நடத்தாத ஒரு பெண்ணை நாட்டின் காவலராக எப்படிக் காட்டுவது?

இதற்கு விடை கண்டவர் நாணயச் சாலையின் தலைவராக இருந்த அறிவியலாளர் ஐசக் நியூட்டன். அவர் வகுத்த காட்சியை யோன் குரோக்கர் செதுக்கினார். போர்த் தெய்வமான பல்லாசு அத்தீனாவின் வடிவில் ஆன், இரண்டு தலையும் நான்கு கையும் உடைய அரக்கன்மீது இடியை எறிகிறார். "இடி முழக்குபவரின் இடத்தில் அவள் நிற்கிறாள்" என்பது வாசகத்தின் பொருள். முந்தைய பதக்கத்தில் யூப்பிட்டர் ஏந்திய இடி இப்போது அரசியின் கையில் இருக்கிறது. வில்லியமின் பணி தொடர்கிறது என்பதே இதன் கருத்து. இரண்டு தலைகளும் லூயியையும் அவர் ஆதரித்த யேம்சின் மகனையும் குறிப்பதாக ஆய்வாளர் பொருள் கொள்வர். அந்த மகன் ஆனுக்கு ஒன்றுவிட்டவர் அல்லர். ஒரே தந்தைக்குப் பிறந்த தம்பி. ஏப்ரல் 23 அன்று முடிசூட்டு விழா நடந்தது; மே மாதம் போர் அறிவிக்கப்பட்டது.

முக்கியத்துவம்

பிரான்சில் கதிரவன் பெருமையின் சின்னம். இலண்டனில் கதிரவனின் மகன் வீழ்ச்சியின் சின்னம். ஒரே தொன்மக் களஞ்சியத்திலிருந்து எதிரெதிர் அரசுகள் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டன. எனவே ஒரு பதக்கத்தைப் பார்க்கும்போது எந்தக் கதை என்று கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. அக்கதையில் யாருக்கு எந்த வேடம் தரப்பட்டுள்ளது என்றும் கேட்க வேண்டும். பதக்கம் வரலாற்றுச் சான்றாவது அப்போதுதான்.