அடுப்பு ஊதும் பாட்டியும் ஆக்சிஜன் சென்சாரும்

பௌர்ணமிக்கு மறுநாள் எங்கள் பள்ளியில் முதல் பாடவேளை எடுப்பது சிரமம். திருவண்ணாமலையில் பணியாற்றும் ஆசிரியர்களுக்கு இது தெரியும். பாதிப் பிள்ளைகள் இரவெல்லாம் கிரிவலப் பாதையில் பெற்றோருடன் கடை போட்டிருப்பார்கள். கொட்டாவியும் சிவந்த கண்ணுமாக வருவார்கள். அப்படி ஒரு காலையில் பத்தாம் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "மிஸ், செங்கம் ரோட்ல நேத்து வண்டி அப்படியே நின்னுச்சு. எல்லாம் புதுப் புது காரு. எதுலயும் புகையே வரல. ஆனா கண்ணு எரிஞ்சுது. ஏன் மிஸ்?"

நல்ல கேள்வி. அன்று நான் சொன்ன பதில் அரைகுறை. அதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே என் காரின் முகப்பில் என்ஜின் வடிவ மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அது கண்ணை உறுத்துகிறது என்று அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். அறிவியல் ஆசிரியர்தான் நான்! அந்த விளக்குக்கும் மாணவியின் கேள்விக்கும் ஒரே பதில் என்பது பிறகுதான் புரிந்தது.

கண்ணுக்குத் தெரியும் கரும்புகை என்பது எரியாத கரித்துகள். பெட்ரோல் காரின் சைலன்சரிலிருந்து வரும் கெடுதல்களில் பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரியாதவை. அரைகுறையாக எரிந்த கார்பன் மோனாக்சைடு, எரியாமல் தப்பிய ஹைட்ரோகார்பன்கள், என்ஜினின் கடும் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து உண்டாகும் நைட்ரஜன் ஆக்சைடுகள். இந்த மூன்றையும் அடக்கத்தான் சைலன்சருக்கு முன்னால் வினையூக்கி மாற்றி என்ற உறுப்பு இருக்கிறது. தேன்கூடு போன்ற பீங்கான் துளைகளின்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருப்பார்கள். முதல் இரண்டு வாயுக்களுக்கும் ஆக்சிஜனைக் கொடுத்து கார்பன் டைஆக்சைடாகவும் நீராகவும் மாற்றுவதும், மூன்றாவதிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கி நைட்ரஜனாக்குவதும் இதன் வேலை. ஆக்சிஜனேற்றமும் ஒடுக்கமும் ஒரே டப்பாவுக்குள். வேதிவினைகள் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரலில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமானது. ஈயம் கலந்த பெட்ரோல் ஊற்றினால் மாற்றி செத்துவிடும் என்பதால் ஈயமற்ற பெட்ரோலும் அப்போதே வந்தது. 2000-இல் நாடு முழுவதும் ஈயம் நீங்கியது.

மாற்றி ஒழுங்காக வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு. காற்றும் பெட்ரோலும் சரியான அளவில் கலந்து எரிய வேண்டும். ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று. பெட்ரோல் கூடினால் கார்பன் மோனாக்சைடு கூடும். காற்று கூடினால் நைட்ரஜன் ஆக்சைடை உடைக்க முடியாது. இந்த அளவைக் கணந்தோறும் காப்பாற்றுவது யார்?

இங்கேதான் வகுப்பில் பாட்டியைக் கொண்டு வந்தேன். விறகடுப்பு முன் உட்கார்ந்திருக்கும் பாட்டி புகையைப் பார்ப்பார். புகை கிளம்பினால் ஊதுகுழலை எடுத்து ஊதுவார். தழல் அளவுக்கு மீறினால் ஒரு விறகை வெளியே இழுப்பார். மறுபடி பார்ப்பார். வெளியே வருவதைப் பார்த்து உள்ளே போவதைத் திருத்துவதுதான் அவர் செய்வது. காரில் அந்தப் பாட்டியின் கண் ஆக்சிஜன் சென்சார். கை, இ.சி.யு. என்று சொல்லப்படும் கணினிப் பெட்டி. 1976-இல் பாஷ் நிறுவனத்தின் சென்சாரை வால்வோ கார்கள் முதன்முதலில் அமெரிக்காவில் பொருத்தி விற்றன. இன்று நம் ஊர்ப் பிள்ளைகளின் அப்பா ஓட்டும் பி.எஸ். 6 மோட்டார் சைக்கிளிலும் இது இருக்கிறது.

பார்க்க ஸ்பார்க் பிளக் போலத்தான் இருக்கும். உள்ளே விரல் உறை வடிவில் சிர்கோனியா பீங்கான். அதன் வெளிப்பக்கம் புகைவாயு, உள்பக்கம் நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்று. சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானதும் இந்தப் பீங்கான் ஆக்சைடு அயனிகளைத் தன்வழியே கடத்தும். இருபுறமும் ஆக்சிஜன் அளவு வேறுபட்டால் மின்னழுத்தம் பிறக்கும். புகையில் ஆக்சிஜன் மிச்சமிருந்தால் 0.1 வோல்ட் அளவில் இருக்கும். ஆக்சிஜனே இல்லாமல் பெட்ரோல் மிஞ்சினால் 0.9 வோல்ட் வரை ஏறும். இ.சி.யு. இதைப் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். மின்னழுத்தம் ஊஞ்சல் போல மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருப்பதுதான் ஆரோக்கியம்.

பன்னிரண்டாம் வகுப்பு மின்வேதியியலில் வரும் நெர்ன்ஸ்ட் சமன்பாடு இதுவேதான். இன்னொரு சுவையான செய்தி: அதே வால்தர் நெர்ன்ஸ்ட் 1890-களின் இறுதியில் சிர்கோனியா கலந்த பீங்கான் கம்பியைச் சூடாக்கி மின்விளக்கு செய்தார். விளக்காகப் பிறந்த பொருள் முக்கால் நூற்றாண்டு கழித்து சைலன்சருக்குள் போனது. தீபத்துக்குப் பேர்போன ஊர்ப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது முகங்கள் மலர்ந்தன.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தச் சென்சார் நச்சுவாயுவை அளக்கவில்லை, மிச்ச ஆக்சிஜனை மட்டுமே அளக்கிறது. ஒரு பிளக் சரியாகப் பொறி விடாவிட்டால் எரியாத பெட்ரோலோடு எரியாத காற்றும் வெளியே வரும். சென்சார் 'ஆக்சிஜன் அதிகம்' என்று உண்மையைச் சொல்லும். கணினியோ பெட்ரோல் போதவில்லை என்று எண்ணி இன்னும் ஊற்றும். புகைக்குழாயில் ஓட்டை விழுந்து வெளிக்காற்று புகுந்தாலும் இதே குழப்பம்தான். ஆகவே சென்சார் தொடர்பான பிழை காட்டினால் சென்சாரே கெட்டது என்று பொருளல்ல.

என் கார் கதைக்கு வருகிறேன். பி.எஸ். 4 வகை, பழைய கார் வாங்கி ஓட்டுகிறேன். வீட்டுக்கும் பள்ளிக்கும் ஆறு கிலோமீட்டர். விளக்கு எரிந்ததும் காட்டிய இடத்தில், "இதெல்லாம் கண்டுக்காதீங்கம்மா, வேணும்னா ஒயரைக் கட் பண்ணிடலாம்" என்றார்கள். நானும் விட்டுவிட்டேன். லிட்டருக்கு 17 கிடைத்தது 13 ஆனது. எட்டு மாதம் கழித்து ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை, பின்னால் அழுகிய முட்டை நாற்றம். ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்த என் பழைய மாணவர் ஒருவர் ஸ்கேனரோடு வந்தார். முதல் குறியீடு பி 0135. அதாவது முன் சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டரின் மின்சுற்றில் கோளாறு. வண்டியைத் தூக்கிப் பார்த்தால் ஒயரை எலி கடித்திருந்தது.

ஹீட்டர் இல்லாததால் புகையின் சூட்டை மட்டுமே நம்பிச் சென்சார் விழிக்க நேரமாகும். அதுவரை கணினி கண்ணை மூடிக்கொண்டு தாராளமாகப் பெட்ரோல் ஊற்றும். என் ஆறு கிலோமீட்டர் பயணத்தில் பெரும்பகுதி அப்படியே கழிந்திருக்கிறது. அந்த மிச்சப் பெட்ரோல் மாற்றிக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிட்டது. மாற்றிக்குப் பின்னால் இரண்டாவது சென்சார் ஒன்று உண்டு. மாற்றி நலமாக இருந்தால் அதன் மின்னழுத்தம் பெரிதாக ஆடாது. முன் சென்சார் போலவே அதுவும் ஊஞ்சலாடத் தொடங்கினால் மாற்றி போய்விட்டது என்று அர்த்தம், பி 0420 என்று காட்டும். எனக்குக் காட்டியது. சில நூறு ரூபாயில் ஒயர் இணைப்போடு முடிந்திருக்க வேண்டியது, பாதிச் சம்பளத்துக்கு மேல் விழுங்கியது. "மிஸ், நீங்கதானே காரணம் தெரியாம மருந்து சாப்பிடாதேன்னு சொல்வீங்க" என்றார் அந்த மாணவர். டேப் ஒட்டியதை நான் அவரிடம் சொல்லவில்லை, அவரே பார்த்துவிட்டார்.

அவரிடம் கேட்டுக்கொண்டவற்றைப் பகிர்கிறேன். நம்மில் பலர் கார், ஸ்கூட்டரில் வருகிறவர்கள்தானே. சென்சாரைக் கழற்றிப் பெட்ரோலிலோ கம்பி பிரஷ்ஷிலோ சுத்தம் செய்யும் வழக்கம் பயனற்றது, மேல்பூச்சைக் கெடுக்கும். என்ஜின் பாகங்களில் கண்ட சிலிக்கான் பசையைத் தடவினால் அதன் ஆவியே சென்சாரை மூடிவிடும். என்ஜின் ஆயில் எரிந்தாலும், கூலன்ட் கசிந்து உள்ளே போனாலும் அப்படித்தான். ஆகவே சென்சார் பராமரிப்பு என்பது பெரும்பாலும் பிளக், ஏர் ஃபில்டர், ஆயில் ஆகியவற்றை நேரத்துக்கு மாற்றுவதுதான். ஒயர் இணைப்பில் கிரீஸ் அடைக்கக் கூடாது. பல சென்சார்கள் ஒப்பீட்டுக்கான வெளிக்காற்றை அந்த வழியாகத்தான் இழுக்கின்றன. ஹீட்டர் உள்ள சென்சார் ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் அளவுக்குக்கூட உழைக்கும். பிழைக் குறியீட்டை அழித்து விளக்கை அணைப்பது பழுது பார்ப்பதாகாது. விளக்கு மினுக் மினுக்கென்று சிமிட்டினால் மட்டும் உடனே நிறுத்த வேண்டும், பெட்ரோல் எரியாமல் மாற்றிக்குப் போகிறது என்று பொருள்.

டீசல் வண்டிகளின் கதை வேறு. புதிய பி.எஸ். 6 பேருந்து, லாரிகளில் டீசல் மூடியோடு நீல மூடி ஒன்றும் பார்த்திருப்பீர்கள். அதில் ஊற்றுவது 32.5 சதவீத யூரியாக் கரைசல். சூட்டில் யூரியா அம்மோனியாவாகி, நைட்ரஜன் ஆக்சைடுகளை நைட்ரஜனாகவும் நீராகவும் மாற்றுகிறது. போதுமா போதாதா என்று பார்க்க நைட்ரஜன் ஆக்சைடு சென்சார் உண்டு. அதுவும் சிர்கோனியாதான்: முதல் அறையில் இருக்கிற ஆக்சிஜனை வெளியேற்றிவிட்டு, அடுத்த அறையில் நைட்ரஜன் ஆக்சைடை உடைத்து, அதிலிருந்து வரும் ஆக்சிஜனை அளக்கும்.

"எங்க வீட்ல யூரியா மூட்டை இருக்கு, அதைக் கரைச்சு ஊத்தலாமா மிஸ்?" இதை ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளை கேட்காமல் இருக்காது. கூடாது. 2015 முதல் நம் நாட்டு உர யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியது. அந்த எண்ணெயும் உரத்திலுள்ள மற்ற கலப்புகளும் வினையூக்கியையும் தெளிப்பானையும் நாசமாக்கும். மானிய உரத்தை வண்டிக்கு ஊற்றுவது சட்டப்படியும் தவறு.

சென்சாரும் கணினியும் இருந்தால் ஏமாற்ற முடியாதா என்றால், முடியும். ஃபோக்ஸ்வேகன் நிறுவனத்தின் டீசல் கார்கள் சோதனைக் கூடத்தில் மட்டும் ஒழுக்கமாக நடந்துகொள்ளும்படி மென்பொருள் எழுதியிருந்தது. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகக் குழு ஒன்று அளவுக் கருவியைக் காரின் பின்பக்கத்திலேயே ஏற்றிக்கொண்டு சாலையில் ஓட்டிப் பார்த்தது. ஒரு காரில் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பைப் போல 15 முதல் 35 மடங்கு வந்தது. 2015 செப்டம்பரில் அமெரிக்க அரசு குற்றம் சாட்டியது. அந்தக் குழுவில் அரவிந்த் திருவேங்கடம், ஹேமந்த் கப்பண்ணா என்ற இரண்டு இந்திய இளைஞர்கள் இருந்தார்கள் என்பதைப் பிள்ளைகளிடம் அவசியம் சொல்லுங்கள். நம் நாட்டிலும் 2023 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்குச் சாலையில் ஓட்டிப் பார்க்கும் சோதனை வந்துவிட்டது.

பெட்ரோல் பங்க் ஓரத்தில் நாம் எடுக்கும் புகைச் சான்று அவ்வளவு ஆழமானதல்ல. நின்ற நிலையில் குழாயைச் சொருகி, வாயு எவ்வளவு அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சுகிறது என்பதைக் கொண்டு கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் அளக்கிறார்கள். பி.எஸ். 4 பெட்ரோல் காருக்கு வரம்பு 0.3 சதவீதம், 200 பி.பி.எம். நைட்ரஜன் ஆக்சைடு அளக்கப்படுவதில்லை. குழாயைச் சொருகாமலே சான்று வாங்குவோரும் உண்டு. நானும் ஒருமுறை அப்படி வாங்கியவள்தான்.

இனி அந்த மாணவிக்கு என் முழு பதில்: வண்டி கிளப்பிய முதல் நிமிடங்களில் சென்சாரும் மாற்றியும் சூடாகியிருக்காது. நெரிசலில் அணைத்து அணைத்துக் கிளப்பும் பழைய வண்டிகளும், என்னைப் போல் டேப் ஒட்டியவர்களும், சென்சாரே இல்லாத பழைய ஆட்டோக்களும் அதே சாலையில்தான் நிற்கின்றன. கற்பூரப் புகையும் அடுப்புப் புகையும் தனி.

இதோடு அன்று நான் சேர்த்துச் சொன்னது இன்னொன்று. தீபத்தன்று வெளியூர் வண்டிகளில் குடும்பங்கள் கண்ணாடியை ஏற்றி, ஏ.சி.யைப் போட்டு, என்ஜின் ஓட ஓடத் தூங்குவதைப் பார்க்கிறோம். புகைக்குழாயில் விரிசல் இருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. காருக்குள் அதைக் கண்டுபிடிக்கும் சென்சாரும் பொதுவாக இல்லை. கடை போடும் பிள்ளைகள் அப்படிப் பார்த்தால் கண்ணாடியைத் தட்டிச் சொல்லலாம். காய்ந்த புல்மேல் நிறுத்தும் வண்டியின் சூடான மாற்றியும் தீ மூட்டக்கூடும். மலையடிவாரத்தில் இது சின்ன விஷயமல்ல.

வகுப்பில் செய்துகாட்ட ஓர் எளிய வழி: இரண்டு பீக்கரில் மயில்துத்தக் கரைசல், ஒன்றில் மற்றதைவிடப் பத்து மடங்கு செறிவு. இரண்டிலும் செம்புக் கம்பி. உப்புநீரில் நனைத்த வடிதாளைப் பாலமாக வையுங்கள். ஒரே உலோகம், ஒரே கரைசல், ஆனாலும் மல்டிமீட்டர் மின்னழுத்தம் காட்டும். கணக்குப்படி சுமார் 30 மில்லிவோல்ட் வர வேண்டும், எங்களுக்கு 22 வந்தது. செறிவு வேறுபாடே மின்சாரமாவதை நேரில் பார்த்த பிறகு சென்சாரை விளக்க ஐந்து நிமிடம் போதும். மயில்துத்தம் நஞ்சு, கை கழுவச் சொல்லுங்கள். ஓடும் வண்டியின் சைலன்சர் அருகே பிள்ளைகளை நிறுத்திக் காட்ட வேண்டாம்.

என் மாணவர் கழற்றிக் கொடுத்த பழைய சென்சாரும், உருகிய தேன்கூட்டின் ஒரு துண்டும் இப்போது எங்கள் ஆய்வக அலமாரியில் இருக்கின்றன. எலி கடித்த ஒயரைத்தான் பிள்ளைகள் முதலில் எடுத்துப் பார்க்கிறார்கள்.