கழுகின் பெயர் தாங்கிய குன்று

சங்கரன்கோவிலிலிருந்து கோவில்பட்டி செல்லும் சாலையில், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் கழுகுமலை அமைந்துள்ளது. அடிவாரத்து முருகன் கோயிலின் கருவறை பாறையில் குடையப்பட்ட குகையாகும். மலையே அதற்கு விமானமாக நிற்கிறது. இக்குன்றுக்குக் கழுகின் பெயர் எவ்வாறு வாய்த்தது?

இராவணனால் கொல்லப்பட்ட சடாயுவின் தமையன் சம்பாதி. தம்பிக்கு இறுதிக்கடன் ஆற்ற இயலாமற்போன துயரம் தீர, இராமரின் சொற்படி இங்கு வந்து முருகனை வழிபட்டு அவன் ஆறுதல் பெற்றான் என்பது தலபுராணம். கழுகு வழிபட்ட அசலம் ஆதலின் கழுகாசலம் ஆயிற்று என்பர். சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியார் 19ஆம் நூற்றாண்டில் பாடிய காவடிச்சிந்து, அப்பெயரைத் தமிழகமெங்கும் ஒலிக்கச் செய்தது.

ஆயின் மலைமீது ஏறிச் சென்றால் வேறொரு வரலாறு நம்மை எதிர்கொள்கிறது. கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்த சமணத் திருவுருவங்கள் அங்கு வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் கீழ் ஏறத்தாழ 100 வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. உருவங்களைச் செய்வித்தோரின் பெயரும் ஊரும் அவற்றில் காணப்படுகின்றன. குரத்தியர் எனப்பட்ட பெண்துறவியரும் அவர்களுள் உளர். அக்கல்வெட்டுகள் இம்மலையைச் சுட்டும் பெயர் 'அரைமலை' என்பதாகும். அங்குக் கழுகும் இல்லை, சம்பாதியும் இல்லை.

அவ்வாறாயின் தலபுராணம் பொய்யா? அவ்வாறு கூறுதல் அவசர முடிவாகும். பெயர் பிறந்த நாளைக் கதை நமக்கு உரைப்பதில்லை. பிற்கால மக்கள் அப்பெயரில் கண்ட பொருளையே உரைக்கிறது. தம்பியை இழந்த தமையனின் துயரத்தை அவர்கள் ஒரு பாறையில் இருத்தி வைத்தனர்.

குகைவாசிகளின் வரலாற்றைக் கூறும் அல்குர்ஆன், அவர்கள் மூவரா, ஐவரா, எழுவரா என மக்கள் கருத்து வேறுபடுவதைச் சுட்டி, வீண்தர்க்கம் வேண்டாமென அறிவுறுத்துகிறது (18:22). எனினும் துருக்கியின் எபேசுவிலும் ஜோர்தானின் அம்மான் அருகிலும் அவர்களுடைய குகை இதுவே என இன்றும் காட்டப்படுகிறது. கதைக்கு ஓரிடம் தேடுவது மாந்தர் இயல்பு.

கதையைப் போற்றுவதில் குறையில்லை. அதன் நிழலில், கல்லில் தம் பெயரை விட்டுச் சென்றோர் மறக்கப்படுவதே குறை. நம் முன்னோரின் அடக்கத்தலங்களைச் சூழ்ந்த பெயர்க்கதைகளையும் இதே அளவுகோலால் அளப்பதே நமக்கு நீதியாகும்.