கம்பமும் கப்பலும்

அண்ணன் மகன் நிலவியல் படிக்கிறான். அரியலூர் மண்ணில் பிறந்தவன் வேறென்ன படிப்பான்! லீவுக்கு வந்தவனை டீக்கடைக்குக் கூட்டிப் போனேன். கிளாஸ் கைக்கு வருவதற்குள் ஆரம்பித்துவிட்டான்.

"சித்தப்பா, அப்பா வருஷா வருஷம் விளைஞ்சதுல ஒரு மூட்டைய கல்லங்குறிச்சிக்குக் கொண்டுபோய்க் கொட்டுறாரு. சாமி இருக்குன்னு ஆதாரமே இல்லாம நம்புறது புத்தியா?"

கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாளுக்கு ஆள் உருவில் மூலவர் சிலை கிடையாது. 12 அடி உயரக் கல் கம்பம்தான் பெருமாள். குடியானவர்கள் தானியத்தை அந்தக் கம்பத்துக்குத்தான் காணிக்கையாகச் செலுத்துகிறார்கள்.

பையன் கேட்டதை 1877இல் கிளிஃபோர்டு என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் இன்னும் கறாராகக் கேட்டார். அவர் சொன்ன கதையில் ஒரு கப்பல் முதலாளி வருகிறான். கப்பல் பழசு, தாங்குமா என்று அவனுக்கே சந்தேகம். பழுதுபார்க்கக் காசு ஆகும். இத்தனை தடவை போய் வந்ததுதானே, கடவுள் பார்த்துக்கொள்வார் என்று மனசைத் தேற்றிக்கொண்டு ஜனங்களை ஏற்றி அனுப்பினான். கப்பல் முழுகியது. இவன் இன்ஷூரன்ஸ் பணத்தை வாங்கிக்கொண்டான். கப்பல் கரை சேர்ந்திருந்தாலும் அவன் குற்றவாளிதான் என்றார் கிளிஃபோர்டு. அப்படி நம்ப அவனுக்கு உரிமையே இல்லை.

இதை அவனிடம் சொன்னதும், "அதான் சித்தப்பா!" என்றான்.

1896இல் அமெரிக்கர் வில்லியம் ஜேம்ஸ் இதற்குப் பதில் சொன்னார். சில விஷயங்களில் ஆதாரம் எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லாது. ஆனால் வாழ்க்கை காத்திருக்காது. முடிவெடுக்காமல் இருப்பதும் ஒரு முடிவுதான். அங்கே மனசு ஒரு பக்கம் சாய்ந்தால் தப்பில்லை.

"மழை வரும்னு யாராவது எழுதிக் கொடுத்தா மானாவாரில விதைக்கிறோம்?" என்றேன்.

"போன வருஷம் பெஞ்சுது, முந்தின வருஷம் பெஞ்சுது. அதுவே ஆதாரம்தானே? சாமிக்கு அப்படி என்ன இருக்கு?"

உவமை கவிழ்ந்தது. ஒரு வடையை எடுத்துக்கொண்டேன்.

பானைக்குக் குயவன் இருப்பதுபோல் உலகத்துக்கும் ஒருவன் இருக்க வேண்டும் என்பது நியாய தரிசனக்காரர்களின் வாதம். அதை ஏற்காதவர் நாத்திகர் அல்ல, ராமானுஜர். பானை வனைவதைப் பார்த்திருக்கிறோம், உலகத்தைப் படைத்ததை யார் பார்த்தார்? பெரிய கட்டடங்களைப் பலர் சேர்ந்தல்லவா கட்டுகிறார்கள், படைத்தவர் ஒருவர்தான் என்று எப்படித் தெரியும்? ஊகத்தால் பெருமாளை நிறுவ முடியாது, சாஸ்திரம்தான் வழி என்று தன் ஸ்ரீபாஷ்ய உரையில் எழுதிவிட்டார்.

"சாஸ்திரத்தை எதை வச்சு நம்புறது?"

அந்த இடம் எனக்கும் தொண்டையில் மாட்டும். ஆனால் ராமானுஜர் இல்லாத ஆதாரத்தை இருப்பதாகக் காட்டவில்லை. அந்த நாணயம் எனக்குப் பிடிக்கும்.

அவன் படிப்புப் பக்கமே திரும்பினேன். "நம்ம வாரணவாசி ஃபாசில் மியூசியத்துல சுருள் சுருளா இருக்கே, அது என்னடா?"

"அம்மோனைட். பாக்க நத்தை மாதிரி இருக்கும், ஆனா கணவாய்க்குத்தான் சொந்தம். இங்க கடல் இருந்தப்ப வாழ்ந்தது."

"கண்டகி ஆத்து சாளக்கிராமம்?"

"அதுவும் அம்மோனைட்தான்."

நான் சொல்ல வந்தது இதுதான். சாளக்கிராமத்தைப் பெருமாளாக நினைத்துத் துளசி சாத்துகிறவர் அது கடல் பிராணியின் எச்சம் என்று தெரிந்துகொண்டே பூஜை செய்யலாம். கல் அவர் நம்பிக்கையை மறுக்கவும் இல்லை, மெய்ப்பிக்கவும் இல்லை. அந்தப் பிராணியே இருந்ததில்லை என்று சாதித்தால் கல்லே எதிர்ச்சாட்சி சொல்லும். பாம்பு கடித்த பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்காமல் விபூதி பூசிக்கொண்டிருந்தால் அது பழையபடி கப்பல் முதலாளி கதை. நம்புகிறவன் ஒருவன், முழுகுகிறவன் வேறொருவன். அண்ணன் அப்படியில்லை. உரம் போடுகிறார், மண் பரிசோதனை செய்கிறார், அதற்குமேல்தான் மூட்டை. அதை மடத்தனம் என்று என்னால் சொல்ல முடியாது.

"அப்ப சாமி இருக்குன்னு ஆயிடுச்சா?"

"ஆகலடா. அது அப்படியே கிடக்கு."

டீயைக் குடித்து முடித்தான்.

"வெள்ளாமையே இல்லாத வருஷம் கடன் வாங்கி மூட்டை போட்டாரு சித்தப்பா. அந்த வட்டி அம்மா தலையிலதானே விழுந்துச்சு?"

அது எனக்குத் தெரியாது. அண்ணியும் சொன்னதில்லை.