வேதம் யாரைப் பற்றிப் பேசுகிறது?

பினாங்கு ரோடு புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயமாக இருக்கட்டும், வேறு எந்த ஆலயமாகவும் இருக்கட்டும். ஞாயிறு வழிபாடு முடிந்து கார் நகரும்போது ஒரு பேச்சு எழும்: "இன்னைக்குப் பிரசங்கம் அவருக்குத்தான் சரியா பொருந்துச்சு!" அந்த 'அவர்' பெரும்பாலும் காரில் இருக்க மாட்டார்.

வசனத்தைக் கேட்டும் அதன்படி நடக்காதவரை, கண்ணாடியில் முகம் பார்த்துவிட்டு உடனே மறந்து போகிறவருக்கு ஒப்பிடுகிறார் யாக்கோபு. கண்ணாடியை அடுத்தவர் பக்கம் திருப்பிப் பிடித்தால் நம் முகம் எப்படித் தெரியும்?

தாவீது ராஜாவுக்கு நேர்ந்தது இதுதான். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த பணக்காரனின் கதையை நாத்தான் தீர்க்கதரிசி சொன்னதும், அவனுக்குத் தண்டனை கொடுக்கத் துடித்தார் தாவீது. அந்த மனிதன் தாம்தான் என்று நாத்தான் சொன்ன பிறகே அவர் கண் திறந்தது.

வடக்கன்குளத்துச் சுவர்

ஒரு தனி மனிதர் மட்டுமல்ல, ஒரு சபையே இப்படி மறக்கக்கூடும். திருநெல்வேலிச் சீமையில் உள்ள வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த ஆலயம், சாதிக்கு ஒரு பக்கமாக இரண்டாகப் பிரிந்திருந்தது. நடுவே சுவர். கிறிஸ்துவுக்குள் யூதர், கிரேக்கர் என்ற பேதமில்லை எனக் கலாத்தியருக்குப் பவுல் எழுதியதை நம்பியவர்கள்தான் இரு பக்கமும் முழந்தாளிட்டார்கள். 1910-இல் சுவர் இடிக்கப்பட்டது. எதிர்த்தவர்கள் வழக்குப் போட்டார்கள், வெற்றி பெறவில்லை.

கல் சுவர் போய்விட்டது. பிள்ளைக்கு வரன் பார்க்கும்போது நம் வீட்டில் கேட்கப்படும் முதல் கேள்வி எது? அதையும் வேதத்தின் முன் வைத்துப் பார்க்க வேண்டும்.

எப்படித் தொடங்குவது?

நிறைய அதிகாரங்கள் தேவையில்லை. ஒரு சிறு பகுதி போதும். கெட்ட குமாரன் கதையை வாசித்தால், 'இதில் நான் யார்? வீட்டிலேயே இருந்துகொண்டு தம்பியை வெறுத்த மூத்தவனா?' என்று கேளுங்கள். 16-ஆம் நூற்றாண்டில் லொயோலா இஞ்ஞாசியார் வகுத்த ஆன்மச் சோதனை, குற்றப் பட்டியலில் அல்ல, கடவுளுக்கு நன்றி சொல்வதில் தொடங்குகிறது. அதன் பிறகே தவறுகளைப் பார்க்கிறோம். தன்னைச் சோதிப்பது வேறு, தன்னையே வதைப்பது வேறு. பேதுருவும் யூதாசும் இருவருமே மனம் உடைந்தார்கள். பேதுரு ஆண்டவரிடம் திரும்பினார். யூதாஸ் தனிமைக்குள் போனான்.

அடுத்தது செயல். எரிகோவின் வரி வசூலிப்பாளர் சகேயு, இயேசுவின் முன் கண்ணீர் விட்டதாக லூக்கா எழுதவில்லை. சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்புவதாகவும் அவர் சொன்னார் என்றே எழுதுகிறார். சகேயுவின் மனமாற்றம் பணப்பையில் தெரிந்தது.

நமக்கும் அப்படித்தான். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு இழுத்தடிக்கும் சம்பளம், கடைப் பையனுக்குத் தராத கூடுதல் நேரக் காசு, சொத்துத் தகராறில் பேச்சு நின்றுபோன அண்ணன் என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று இருக்கும். 'இனி நல்லவனாக இருப்பேன்' என்ற பொதுவான தீர்மானம் திங்கட்கிழமையே கரைந்துவிடும். 'வெள்ளிக்கிழமைக்குள் அவரிடம் அந்த ஐம்பது வெள்ளியைக் கொடுப்பேன்' என்று நாள் குறித்தால் நிற்கும்.

இன்றிரவு வேதம் வாசிக்கையில் ஒரு பெயர் மனதைத் தைத்தால், பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். விடிந்ததும் அவருக்குப் போன் போடுங்கள்.