தண்ணீர்க் கணக்கு பார்த்து முன்பணம் கொடுங்கள்



சென்னைப் புறநகரில் எங்கு பார்த்தாலும் அடுக்குமாடிகள் எழும்புகின்றன. கீழ்த்தளக் கடைகளுக்கு நம்மவர்கள் போட்டி போட்டு முன்பணம் கொடுக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஒரு கணக்கை மட்டும் பார்த்துவிட்டுக் கொடுங்கள் என்கிறேன்.

500 வீடுகள், வீட்டுக்கு நால்வர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். மொத்தம் 2,70,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் வாங்கினால் தினம் 22 லாரிக்கு மேல். இப்படிச் சுமார் 290 வளாகங்கள் சேர்ந்தால் ஆண்டுக்கு ஒரு டி.எம்.சி. தீர்ந்துவிடும்.

இனி இருப்பைப் பார்ப்போம். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் நிரம்பினால் 11 டி.எம்.சி.க்குச் சற்று அதிகம். 2015 டிசம்பரில் ஏரி நிரம்பி, உபரி நீரைத் திறந்துவிட்டார்கள். ஊரே வெள்ளத்தில் மிதந்தது. மூன்றரை ஆண்டு கழித்து, 2019 ஜூனில் அதே ஏரிகள் வறண்டு கிடந்தன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. முதல் ரயிலில் வந்தது 25 லட்சம் லிட்டர். மேற்சொன்ன வளாகங்களில் ஒன்பதுக்கு ஒரு நாள் செலவு, அவ்வளவுதான்!

அந்த மாதம் என்னிடம் பருப்பு எடுக்கும் உணவு விடுதிக்காரர் இருவர் மதியச் சாப்பாட்டை நிறுத்தினார்கள். மூட்டைக் கணக்கில் எடுத்தவர்கள் கிலோக் கணக்கில் எடுத்தார்கள். பழைய பாக்கி வர நான்கு மாதம் ஆயிற்று. குழாயில் தண்ணீர் நின்றால் நம் கல்லாவிலும் பணம் நிற்கும் என்று அன்றுதான் உணர்ந்தேன்.

புதிய வரவுகள் இல்லாமலில்லை. 2004-ல் வீராணம் நீர் வந்தது. கடல்நீரைக் குடிநீராக்க 2010-ல் மீஞ்சூரிலும் 2013-ல் நெம்மேலியிலும் தினம் 10 கோடி லிட்டர் திறனில் ஆலைகள் அமைந்தன; 2024-ல் நெம்மேலியில் 15 கோடி லிட்டர் ஆலை ஒன்றும் சேர்ந்தது. ஆனால் கிருஷ்ணா நீர் ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 12 டி.எம்.சி. வரவேண்டும், பல ஆண்டுகள் அவ்வளவு வரவில்லை. வருமென்று எழுதிய சரக்கு வேறு, கிடங்கில் இறங்கிய சரக்கு வேறு.

தீபாவளி மாத விற்பனையை வைத்து ஆண்டு முழுவதற்கும் கடன் கொடுக்கும் வியாபாரி உண்டா? மந்தமான மாதத்தை வைத்துத்தானே வரம்பு போடுகிறோம்? ஊருக்கும் அதே நியாயம்தான். நிரம்பிய ஏரியைக் காட்டி மனை விற்பவரிடம், வறண்ட ஆண்டின் கணக்கைக் கேளுங்கள்.

கையெழுத்துப் போடுமுன் மூன்று கேள்விகள்: குடிநீர் வாரிய இணைப்பு வந்துவிட்டதா, வரப்போகிறதா? 2019 கோடையில் அக்கம்பக்கத்துக் கிணறுகளில் நீர் இருந்ததா? மழைநீர்த் தொட்டி உண்மையில் வேலை செய்கிறதா? மார்கழியில் போய்க் கேட்காதீர்கள். சித்திரை, வைகாசியில் போய்ப் பாருங்கள். பதில் சரியில்லையென்றால் முன்பணத்தைப் பெட்டியிலேயே வைத்திருங்கள். கடை இன்னொன்று கிடைக்கும். போட்ட முதல் திரும்பக் கிடைப்பது கடினம்.